கமலா ஆரஞ்சு சொல்லும் வரலாறு



யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டனர். கோவில் எழுந்த கதையும், பணியாற்றிய குருக்களின் வரிசையும், பக்த சபைகளின் வளர்ச்சியும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் வந்துள்ளன. ஆகவே நான் ஒரு பழத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். கமலாப் பழம் என்றும் கமலா ஆரஞ்சு என்றும் நாம் சொல்லுகிற, தோல் எளிதில் உரிந்து சுளை சுளையாகப் பிரிகிற பழந்தான் அது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கைப்பையில் ரொட்டியோடு இருக்கும் பழம். கிறிஸ்துமஸ் காலத்தில் கடைத்தெருவில் கூடை கூடையாகக் குவியும் பழம்.

யூபிலி மலரில் பழத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் அடிக்கடி சந்திக்கிற கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் வேதம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வேதந்தானே?" என்பது அக்கேள்வி. கேட்பவர் எல்லாரும் பகையால் கேட்பதில்லை. அறியாமல் கேட்பவரும் உண்டு. ஆனால் பதில் தெரியாத பிள்ளை தலை கவிழ்ந்து வருகிறது. ஒரு பொருள் யாருக்குச் சொந்தம், அது நம்முடையது ஆவது எப்படி என்பதை இந்தப் பழம் அழகாக விளக்குகிறது. அதனால்தான் இக்கட்டுரை.

பெயரின் பயணம்

ஆரஞ்சு என்பது ஆங்கிலேயர் நமக்குத் தந்த சொல். அவர்களுக்கு அச்சொல்லைத் தந்தவர்கள் பிரெஞ்சுக்காரர். ஐரோப்பாவுக்கு அதைக் கொண்டு சேர்த்தவர்கள் அரபியர். அவர்கள் நாரஞ்ச் என்றார்கள். ஸ்பெயின் நாட்டார் இன்றும் நாரஞ்சா என்றே சொல்லுகிறார்கள். அரபியருக்கு முன் பாரசீகர் நாரங் என்றனர். பாரசீகருக்கு அது வடமொழியின் நாரங்கம் என்ற சொல்லிலிருந்து கிடைத்தது. வடமொழிக்கோ அது திராவிட மொழிகளிலிருந்து சென்றிருக்க வேண்டும் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரகம் என்று வழங்குகிற சொற்கள் அந்த வேரைக் காட்டுகின்றன. நாறுதல் என்றால் பழந்தமிழில் மணத்தல் என்று பொருள். மணமுள்ள இலையும் பூவும் தோலும் உடைய மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

ஆகவே நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியில் கிடக்கும் நார்த்தங்காயும், கடையில் தட்டில் அடுக்கிய ஆரஞ்சும் பெயரால் உடன்பிறப்புகள். இச்சொல் கிழக்கிலிருந்து புறப்பட்டு, பாரசீகம், அரேபியா, ஸ்பெயின், பிரான்சு, இங்கிலாந்து என்று ஊர் சுற்றி, முதலெழுத்தையும் வழியிலே தொலைத்துவிட்டு, பிறந்த வீட்டுக்கே விருந்தாளிபோல் திரும்பி வந்தது. நாமும் அடையாளம் தெரியாமல் "வாருங்கள்" என்று வரவேற்றோம்.

ஆங்கிலேயர் கமலா ஆரஞ்சை மட்டும் தனியே பிரித்து மாண்டரின் என்பார்கள். இதுவும் வேடிக்கையான கதை. வடமொழியில் மந்திரி என்ற சொல் கடல் கடந்து மலாய் மொழியில் மெந்தெரி ஆயிற்று. மலாக்காவுக்கு வந்த போர்த்துக்கீசியர் அதைக் கேட்டு, சீன அரசாங்க அதிகாரிகளை மந்தரிம் என்று அழைத்தனர். பின்னர் சீனத்திலிருந்து வந்த இந்தப் பழத்துக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதிகாரிகள் அணிந்த உடையின் நிறம் காரணம் என்பார் சிலர். சீனத்துப் பழம் என்பதே காரணம் என்பார் வேறு சிலர். எப்படியாயினும் ஆங்கிலப் பெயருக்குள்ளும் நமக்குத் தெரிந்த மந்திரி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

தமிழில் இதற்குக் கிச்சிலிப் பழம் என்ற பழைய பெயரும் உண்டு. இலங்கைத் தமிழர் ஆரஞ்சைத் தோடம்பழம் என்கிறார்கள். கமலா என்ற பெயர் வங்காளத்திலும் வழங்குகிறது.

பழத்தின் குடும்பம்

பெயரின் பிறப்பிடம் இப்படியிருக்க, மரத்தின் பிறப்பிடம் எது? 2018-ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு ஒன்று, எலுமிச்சை ஆரஞ்சு இனங்கள் அனைத்தும் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரத்தில் தோன்றிப் பரவின என்று காட்டியது. அஸ்ஸாம், மியான்மரின் வடபகுதி, சீனத்தின் யுன்னான் ஆகியவை சேரும் பகுதி அது. மேகாலயாவின் காரோ மலையில் உள்ள நோக்ரெக் காட்டில் காட்டு நாரங்க மரங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றைக் காக்க அங்கே தனிச் சரணாலயமே உண்டு. காரோ மக்கள் அப்பழத்தை மேமாங் நாரங், அதாவது ஆவிகளின் நாரங்கம் என்று அழைத்து, இறந்தோர் சடங்குகளில் பயன்படுத்தி வந்தார்கள். அந்த மலைக்காட்டிலும் நாரங் என்ற பெயரே வழங்குவதைக் கவனியுங்கள்.

இந்தப் பெருங்குடும்பத்தின் முக்கிய முன்னோர் மூவர்: கமலா, பம்பளிமாசு, சிட்ரான் என்னும் தடித்தோல் நார்த்தை. சாத்துக்குடியை உள்ளிட்ட இனிப்பு ஆரஞ்சு வகை, கமலாவும் பம்பளிமாசும் கலந்து பிறந்தது. கசப்பு ஆரஞ்சும் அவ்விரண்டின் வழியே வந்தது. அந்தக் கசப்பு ஆரஞ்சும் சிட்ரானும் சேர்ந்து மேல்நாட்டார் லெமன் என்கிற பெரிய எலுமிச்சையைத் தந்தன. ஆக, கமலா ஒரு தனி மரமாக நிற்கவில்லை. பல பழங்களுக்கு அது பாட்டி.

இன்னும் சற்று விரிந்த சொந்தமும் உண்டு. சிதம்பரத்தில் இந்து சகோதரர்கள் சிவபெருமானுக்குச் சாத்தும் வில்வமும், நம் பிள்ளைகள் கல்லெறிந்து வீழ்த்தும் விளாவும், கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலையும் தாவரநூலார் கணக்கில் ஆரஞ்சின் குடும்பமே. கறிவேப்பிலையின் விஞ்ஞானப் பெயரில் கோனிக் என்ற மருத்துவரின் பெயர் பொதிந்துள்ளது. இவர் சிதம்பரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்து 1768 முதல் பணிபுரிந்தவர். புகழ்பெற்ற லின்னேயசின் மாணவர். வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் நம் வேலியோரச் செடிகளை உலகம் அறியச் செய்தார்.

கடலூர்க் கடலில் ஒரு பாடம்

பழம் உண்ணாததால் என்ன நேரும் என்பதற்குக் கடலூரின் வரலாற்றிலேயே சான்று உண்டு. அந்நாளில் பல மாதங்கள் கப்பலில் கிடந்து, உலர்ந்த பிஸ்கட்டும் உப்பிட்ட இறைச்சியும் மட்டுமே தின்ற மாலுமிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும். ஆறிய புண் மீண்டும் வாய் திறக்கும். இறுதியில் உயிரும் போகும். ஸ்கர்வி என்பது அந்நோய். 1498-இல் வாஸ்கோ ட காமாவின் மாலுமிகள் இந்நோயால் வாடி, ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மொம்பாசாவில் கிடைத்த ஆரஞ்சுகளைத் தின்று தேறினார்கள். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதமான பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் எழுந்தனர்.

உண்மை தெரிந்தது, ஆனால் அதிகாரிகள் அதை ஏற்று நடக்கவில்லை. 36 ஆண்டுகள் கழித்து, 1783 ஜூன் மாதம், கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை ஆங்கிலப் படை முற்றுகையிட்டிருந்தது. ஜூன் 20-ஆம் தேதி கடலில் சுப்ரேன் தலைமையில் 15 பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும், ஹியூஸ் தலைமையில் 18 ஆங்கிலப் போர்க்கப்பல்களும் மோதின. எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிப் போனார். கப்பலில் குடிநீர் இல்லை; மாலுமிகளில் பெருந்தொகையினர் ஸ்கர்வியால் படுத்துக் கிடந்தனர். எலுமிச்சையும் நார்த்தையும் விளைகிற தேசத்தின் கரையோரத்திலேயே அவை கிடைக்காமல் மனிதர் மாண்டனர். இதனினும் பெரிய சோகம், ஐரோப்பாவில் சமாதான உடன்பாட்டின் பூர்வாங்கம் அந்த ஆண்டு சனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. செய்தி கடலூருக்கு வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில்தான். முடிந்துபோன போருக்காக இங்கே இரத்தம் சிந்தப்பட்டது. ஆங்கிலக் கடற்படை மாலுமிகளுக்கு முறையாக எலுமிச்சைச் சாறு வழங்க உத்தரவானது 1795-இல்.

நல்ல மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எடுத்து உண்ணாவிட்டால் பயனில்லை. நல்ல செய்தி புறப்பட்டிருந்தும் வந்து சேராவிட்டால் பயனில்லை. பிரசங்கம் செய்கிறவன் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

குருவானவரும் சகோதரரும்

கமலாவின் வரலாற்றில் நம் திருச்சபையின் மக்களும் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சீனத்தார் இப்பழத்தை மிகப் பழங்காலம் முதல் பயிரிட்டார்கள். 1178-இல் ஹான் யான்சி என்ற அதிகாரி, தாம் பணியாற்றிய வென்சோ பகுதியில் விளைந்த 27 வகை ஆரஞ்சு இனப் பழங்களை விவரித்துத் தனி நூலே எழுதினார். ஆயினும் இன்று உலகெங்கும் தாவரநூலார் வழங்கும் சிட்ரஸ் ரெட்டிகுலேட்டா என்ற பெயரை 1837-இல் இதற்குச் சூட்டியவர் ஒரு கத்தோலிக்கக் குரு. மனுவேல் பிளாங்கோ என்னும் அவர் அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த ஸ்பெயின் நாட்டவர். பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஞானப் பணி புரிந்துகொண்டே, அந்நாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்து பெரு நூல் எழுதினார். ரெட்டிகுலேட்டா என்றால் வலை பின்னியது போன்றது என்று பொருள். தோலை உரித்ததும் சுளைகளைப் போர்த்தியிருக்கும் வெண்ணார் வலையைப் பார்க்கிற எவருக்கும் அச்சொல் மறவாது.

இன்னொருவர் அருட்சகோதரர் கிளமெண்ட். பிரான்சு நாட்டில் 1839-இல் பிறந்து, அல்ஜீரியாவில் மிசர்கின் என்னும் ஊரிலிருந்த அனாதை இல்லத்தின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர். அங்கே விதையிலிருந்து தானாக வேறுபட்டு முளைத்த ஒரு மரத்தின் பழம் மிகவும் சுவையாக இருந்தது. அதைப் பிடுங்கி எறியாமல் பேணிப் பெருக்கினார். 1902-இல் டிராபு என்ற தாவர அறிஞர் சகோதரரின் பெயராலேயே அப்பழத்துக்குக் கிளமெண்டைன் என்று பெயரிட்டார். கமலாவும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து பிறந்தது அது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன. ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் நாள்களில் இன்று வீடுதோறும் உண்ணப்படுவது இப்பழமே. சகோதரர் 1904-இல் மறைந்தார். அவர் பிரசங்க பீடம் ஏறியவரல்லர், மண்வெட்டி பிடித்தவர். ஒரு தோட்டக்காரத் துறவியின் பெயரை உலகம் நாவில் சுவைத்துக்கொண்டிருக்கிறது.

மலையில் வளர்ந்த மரம்

நம் கடலூர், சிதம்பரம் பகுதியில் கமலா ஏன் விளைவதில்லை? அது குளிர்ந்த மலைச்சரிவை விரும்பும் மரம். கடல் மட்டத்துக்குமேல் சுமார் 500 முதல் 1500 மீட்டர் உயரமும், நல்ல மழையும், நீர் தேங்காத மண்ணும் அதற்கு வேண்டும். நம் கரையோரத்து வெப்பமும், ஐப்பசி கார்த்திகையில் வேரடியில் நிற்கும் வெள்ளமும், உவர் மண்ணும் அதற்கு ஒவ்வா. எனவே தமிழ்நாட்டில் அது சேர்வராயன் மலையின் ஏற்காட்டிலும், கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை முதலிய ஊர்களிலும் வேர்விட்டது. காப்பித் தோட்டத்தில் நிழல் மரங்களுக்கும் காப்பிச் செடிக்கும் நடுவே கமலாவையும் வைத்தார்கள். விதைக் கன்று நட்டால் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். கார்த்திகை முதல் மாசி வரையுள்ள குளிர்காலமே அதன் பெரும் பருவம். திருவருகைக் காலத்தில் நம் கடைகளுக்குப் பழம் வந்தது அதனால்தான்.

19-ஆம் நூற்றாண்டில் சேர்வராயன் மலையும் கடலூர்க் கரையும் ஒரே புதுவை மிஷனின் பகுதிகளாக இருந்தன. பாரீஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் இரண்டு இடங்களிலும் உழைத்தார்கள். 1930-இல் சேலம் தனி மறைமாவட்டமாயிற்று. 1953-இல் நம் உயர்மறைமாவட்டத்தின் பெயரில் கடலூரும் சேர்ந்தது. ஆகவே ஏற்காட்டுக் கமலா நமக்குப் பழைய உறவுக்காரர் வீட்டுப் பழம்.

பட்டுப்போன தோட்டங்கள்

இனிச் சொல்லப்போவது துயரமான பகுதி. ஒரு காலத்தில் கோடை ஆரஞ்சு என்று பெயர் பெற்ற கீழ்ப்பழனிக் கமலாவும், ஏற்காட்டுக் கமலாவும் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிதும் அழிந்தன. கிளையின் நுனி காய்ந்தது, இலை மஞ்சளித்தது, பழம் சிறுத்து, கோணி, கசந்தது, நாலைந்து ஆண்டுகளில் மரமே பட்டுப்போனது. விவசாயிகள் உரம் போட்டார்கள், தண்ணீர் விட்டார்கள், பயனில்லை. இந்தியாவில் இதன் காரணங்கள் 1950, 1960-களில் தெளிவாயின. ஒன்று, அசுவினிப் பூச்சி பரப்பும் டிரிஸ்டீசா என்னும் நச்சுயிரி நோய். மற்றொன்று, சிறு தத்துப்பூச்சி போன்ற ஒரு பூச்சி பரப்பும் கிரீனிங் என்னும் நுண்ணுயிரி நோய். வேரழுகலும் சத்துக்குறைவும் இவற்றோடு கூடிக்கொண்டன. அந்தப் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருந்து பெருகும் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

கிரீனிங் நோய் நம் மலைகளை மட்டும் பிடித்ததன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2005-இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அந்த மாநிலத்தில், நோயோடு புயலும் தாக்கிய 2022-23 பருவத்தில் 2 கோடிப் பெட்டிகூட விளையவில்லை. செல்வமும் விஞ்ஞானமும் நிறைந்த நாட்டின் கதியே இது என்றால், காப்பிக்கு நடுவே பத்து மரம் வைத்திருந்த மலை விவசாயி என்ன செய்வார்?

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பூச்சி ஒரு மரத்திலிருந்து பக்கத்து மரத்துக்கு நோயைக் கொண்டுபோகும். ஆனால் ஊர் விட்டு ஊர், மலை விட்டு மலை கொண்டுபோனது பெரும்பாலும் மனிதன் கை. நோயுள்ள தாய்மரம் என்று அறியாமல் அதன் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டினார்கள். கன்று பச்சைப் பசேலென்று இருந்தது. நோயும் கூடவே பயணம் செய்தது.

ஆனால் விதை வழியாக இந்நோய்கள் பெரும்பாலும் செல்வதில்லை. கமலாவின் விதையில் படைத்தவரின் ஒரு விந்தையும் இருக்கிறது. ஒரே விதைக்குள் பல கருக்கள் இருக்கும். அவற்றில் பல, மகரந்தக் கலப்பால் உண்டாகாமல், தாயின் திசுவிலிருந்தே பிறப்பவை. ஆகவே அவை தாயை அப்படியே ஒத்திருக்கும். தாயின் நோய் அவற்றுக்குப் பெரும்பாலும் இராது. தாண்டிக்குடி அருகே தடியன்குடிசையிலும் ஏற்காட்டிலும் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையங்கள் மலைத்தோட்டப் பயிர்களுக்காக உழைத்து வருகின்றன. நல்ல தாய்மரத்தைத் தேர்ந்து, நோயற்ற கன்றை வலைக்கூட்டில் வளர்த்து, நோயுற்ற மரத்தைத் தயங்காமல் அகற்றி, மீண்டும் நடுவதே இன்றுள்ள வழி. நோய் கண்ட மரத்துக்கு முழுக் குணம் தரும் மருந்து இன்னும் வரவில்லை. இன்று நம் கடைகளில் நாம் வாங்கும் கமலாவில் பெரும்பகுதி நாக்பூரிலிருந்து வருவதன் காரணம் இப்போது விளங்கும்.

நம் யூபிலிக்குப் பாடம்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பண்ணுருட்டியின் பெருமை என்ன என்று கேட்டால் பலாவும் முந்திரியும் என்போம். முந்திரி பிரேசில் நாட்டு மரம்; போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அதை இன்று யாராவது அந்நிய மரம் என்பார்களா? 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்தபோது வீழ்ந்த முந்திரியையும் பலாவையும் பார்த்து, பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல் நம் விவசாயிகள் அழுதார்கள். பிறகு கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மீண்டும் கன்று நட்டார்கள். அந்தக் கண்ணீரும் உழைப்பும் முந்திரியை நம்முடையதாக்கின.

நாரங்கமோ கிழக்கில் பிறந்து, மேற்கே போய், வேற்றுப் பெயரோடு திரும்பியது. நம் விசுவாசமும் அப்படியே. நம் ஆண்டவர் பிறந்ததும், சீடரை அழைத்ததும், பாடுபட்டு உயிர்த்ததும் ஆசியாக் கண்டத்தில். மயிலையில் புனித தோமையாரின் கல்லறையைத் தமிழ் மண் போற்றி வருகிறது. பின்னாளில் ஐரோப்பியக் குருக்கள் கொண்டுவந்தபோது அது அவர்கள் நாட்டு உடையில் வந்தது. உடையைப் பார்த்துப் பிறப்பைத் தீர்மானிப்பது, ஆரஞ்சு என்ற பெயரைப் பார்த்து அதை இங்கிலாந்துப் பழம் என்பதற்கு ஒப்பாகும். பிள்ளைகளே, இதைத் தாழ்மையோடும் தெளிவோடும் சொல்லுங்கள்.

ஆனால் பெற்றோரே, பெரியோரே, நமக்கு இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஏற்காட்டிலும் பழனி மலையிலும் கமலா அழிந்தது அது அந்நிய மரம் என்பதால் அன்று. நோயுற்ற ஒட்டை நட்டதாலும், வேரைப் பார்க்காமல் இலையைப் பார்த்துத் திருப்தியடைந்ததாலுந்தான். நம் கோவில் கோபுரம் உயர்ந்திருக்கிறது, தேர் அலங்காரம் சிறப்பாயிருக்கிறது, இவை இலைகள். வீட்டில் மாலைச் செபம் உண்டா? ஞாயிறு மறைக்கல்விக்குப் பிள்ளை வருகிறதா? அடுத்த வீட்டாரோடு பல்லாண்டுப் பகையை வைத்துக்கொண்டே நன்மை வாங்குகிறோமா? நம்மிடமுள்ள பகையையும் சாதிப் பெருமையையும் ஒட்டுப்போல் பிள்ளைகள்மேல் கட்டிவிடுகிறோமா? காட்டு ஒலிவக் கிளை நல்ல மரத்தில் ஒட்டப்பட்டதை உரோமையருக்கு எடுத்துச் சொன்ன புனித பவுல், ஒட்டப்பட்ட கிளை பெருமை பாராட்டலாகாது என்றும் எச்சரித்தார். அந்த எச்சரிப்பு நமக்கும் உரியது.

நட்டவர்கள் போய்விட்டார்கள். அவர்களில் பலர் கல்லறைகூட இன்ன இடம் என்று தெரியாமல் இம்மண்ணில் உறங்குகிறார்கள். காக்கும் முறை நம்முடையது.

இந்த யூபிலியின் நினைவாக ஒரு வேண்டுகோள். கமலா நம் கரையோரத்தில் வாழாது. ஆனால் அதன் உறவான நார்த்தையும் எலுமிச்சையும் நன்றாக வாழும். ஒவ்வொரு குடும்பமும் நல்ல மரத்தின் கன்று ஒன்றை, வாய்க்கால் நீர் தேங்காத மேட்டில் நட்டு, அதன் பொறுப்பைப் பிள்ளை ஒருவரிடம் ஒப்படையுங்கள். அது காய்க்கும்போது முதல் காய்களை வீட்டுக்கு வைத்துக்கொள்ளாமல், நம் தெருவில் நோயுற்றுக் கிடப்பவர் எவரோ அவர் எந்தச் சமயத்தவராயினும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

நட்டவரையும் நீர் பாய்ச்சினவரையும் நினைத்து நன்றி கூறுவோம். விளையச் செய்கிற இறைவன் உங்கள் குடும்பங்களையும், வயல்களையும், வலைகளையும் ஆசீர்வதிப்பாராக.

ஆண்டவரில் அன்புள்ள,
உங்கள் பங்குத்தந்தை